உண்ணிக் காய்ச்சல்: உடம்பில் எங்கே தேடுவது, மருத்துவரிடம் என்ன சொல்வது, எப்படித் தவிர்ப்பது

ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை, மழையும் பனியுமான மாதங்களில், ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் டெங்கு, டைஃபாய்டு, எலிக் காய்ச்சலோடு உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகப்பட வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்று எழுதுவார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு இது புதிய நோயல்ல. உரிய மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். மாத்திரையின் விலையும் மிகக் குறைவு. தொடங்காமல் இரண்டாம் வாரத்துக்குள் போய்விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இந்த நோயில் சாகிறவர்களில் பலர், நோய் இன்னதென்று நேரத்தோடு தெரியாததால்தான் சாகிறார்கள். அதனால் அடையாளம் காண்பதிலிருந்தே தொடங்குவோம்.

கடிப்பது எது

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் தொங்கும் பெரிய உண்ணி இந்த நோயைப் பரப்புவதில்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுண்ணியின் லார்வாதான் பரப்புகிறது. அதன் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. புல் நுனியிலோ சருகிலோ காத்திருந்து, எலி, பெருச்சாளி, மூஞ்சூறு என எது உரசினாலும் ஏறிக்கொள்ளும். மனிதக் காலும் அதற்கு அப்படித்தான். கடித்தால் வலிக்காது. ஒரியண்டியா சுசுகாமுஷி என்ற பாக்டீரியா அந்தக் கடியின் வழியே உடம்புக்குள் நுழைகிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் அது போய்விடுவதால், எலிகளை மட்டும் ஒழித்து ஒரு புதர்க்காட்டைச் சுத்தமாக்கிவிட முடியாது.

கடிபட்ட 6 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில், காய்ச்சல் தொடங்கும். எனவே நேற்று எங்கே போனோம் என்று யோசித்துப் பயனில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு முன் விறகு பொறுக்கப் போனது, ஆடு மேய்த்தது, நூறு நாள் வேலையில் புதர் வெட்டியது, திறந்த வெளியில் மலம் கழிக்க ஒதுங்கியது என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். ஊருக்குள்ளேயே வீட்டை ஒட்டிப் புதர் இருந்தாலும் போதும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

கருப்புப் பொருக்கைத் தேடும் முறை

கடித்த இடத்தில் முதலில் சிறு பரு தோன்றும். பிறகு கொப்புளமாகி, புண்ணாகி, நடுவில் கருப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக நிற்கும். பார்க்க சிகரெட்டால் சுட்ட தழும்பு போலிருக்கும். மருத்துவர்கள் இதை எஸ்கார் என்பார்கள். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. ‘உடம்பில் புண் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார். அதனால் கேட்பதோடு நிறுத்தாமல் பார்க்க வேண்டும்.

வெளிச்சமான இடத்தில், உடையைக் களைந்து, தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பாருங்கள். லார்வா மேலே ஊர்ந்து, துணி இறுக்கும் இடத்திலோ தோல் மடிப்பிலோ தங்கிக் கடிப்பதே வழக்கம். காதின் பின்புறம், தலைமுடிக்குள், கழுத்து, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொப்புள், பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் பதியும் இடுப்பு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பையின் அடிப்புறம், பிட்டத்தின் இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் என ஒன்றையும் விடாதீர்கள். பெண்களுக்கு மார்பகத்தின் அடியிலும் ஆண்களுக்குத் தொடை இடுக்கிலும் இருப்பதுதான் அதிகம் தவறிப்போகிறது. கூச்சமே அதற்குக் காரணம். வீட்டுப் பெண்ணோ செவிலியரோ பார்த்துச் சொன்னாலும் போதும்.

ஈரம் கசியும் மடிப்புகளில் பொருக்கு கழன்றுபோய், மஞ்சளான அடிப்பரப்புடன் ஆழமில்லாத புண் மட்டும் தெரியலாம். அதைப் படையென்றோ வியர்வைப் புண்ணென்றோ ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் நெறி கட்டி, தொட்டால் வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லை என்பதால் நோயும் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மருத்துவரிடம் போகும்போது

கடுமையான தலைவலி, உடம்புவலி, இருமல், வாந்தி எல்லாம் மற்ற காய்ச்சல்களிலும் உண்டு. இரத்தத் தட்டணுக்கள் இதிலும் குறையும். அதனால் டெங்கு என்று முடிவுசெய்து, தட்டணு ஏறட்டும் என்று காத்திருந்து நாளைக் கடத்துவது நடக்கிறது. டெங்குவில் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் குறையும். உண்ணிக் காய்ச்சலில் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும். கல்லீரல் நொதிகளும் ஏறியிருக்கும்.

இரத்தத்தில் எதிரணுக்களைத் தேடும் ஐஜிஎம் எலிசா பரிசோதனையே பரவலாகச் செய்யப்படுகிறது. காய்ச்சலின் முதல் வாரத்தில் எதிரணுக்கள் உருவாகியிருக்காது என்பதால் மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வரலாம். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை பலரைத் தவறவிடும். ஆகவே அறிகுறிகளும் பொருக்கும் பொருந்தினால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

மருந்து டாக்ஸிசைக்ளின். 45 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4.5 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், தினம் ஒன்று, ஐந்து நாள். எதுவானாலும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அமாக்ஸிசிலின், செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவை இதற்கு வேலை செய்யாது. இந்தக் கிருமி உயிரணுக்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. ‘நான்கு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் குறையவில்லை’ என்றால், போட்ட ஊசியின் பெயரைச் சீட்டோடு கொண்டுபோய்க் காட்டி, ‘ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?’ என்று நேராகவே கேளுங்கள்.

டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் சிக்கிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றை அதோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேராது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும் தவறு.

மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடுமையான நோயாளிகளிடம் இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இறப்பு, நீடிக்கும் சிக்கல்கள், தணியாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தவர்களில் இது 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தவர்களில் முறையே 47, 48 சதவீதம்.

கடிபடாமல் இருக்க

தடுப்பூசி கிடையாது. காட்டுவேலைக்கு முழுக்கை, முழுக்கால் சட்டை, ஷூ அணிந்து, கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டியைக் கணுக்கால், கெண்டைக்கால், இடுப்பு ஆகிய இடங்களில் தடவலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி துணிக்கு மட்டும், தோலில் தடவக்கூடாது. புல்தரையில் உட்காரும்போதும் படுக்கும்போதும் பாய் விரியுங்கள். துவைத்த துணியைப் புதர் மேலோ புல் மேலோ காயப்போடாமல் கொடியில் போடுங்கள்.

வேலை முடிந்து வந்ததும் அந்த உடையோடு படுக்கையில் சாயக்கூடாது. சோப்புப் போட்டு, மடிப்புகளை நன்றாகத் தேய்த்துக் குளித்து, உடை மாற்றுங்கள். லார்வா ஏறியதும் கடித்துவிடுவதில்லை. இடம் தேடி ஊரும். அந்த நேரத்தில் குளித்தால் பெரும்பாலானவை போய்விடும். செலவில்லாத இந்த ஒன்றையாவது தினமும் செய்யுங்கள். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி, விறகை வெளியே தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, எலிக்குத் தானியம் கிடைக்காமல் மூடி வையுங்கள்.

பெரிய உண்ணி ஒட்டியிருந்தால்

நாய், மாட்டு உண்ணிகள் வேறு நோய்களைப் பரப்பும். நாய் உண்ணியால் வரும் டைபஸில் உள்ளங்கையிலும் பாதத்திலும்கூடத் தடிப்புகள் வரும், அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான். ஒட்டிய உண்ணியின் மீது மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது மூன்றும் கூடாது. கூர்நுனிச் சாமணத்தால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சோப்பால் கழுவுங்கள். வாய்த்துண்டு உள்ளே தங்கினால் குத்தி நோண்டாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதுமலை, பந்திப்பூர், வயநாடு காடுகளுக்குப் போகிறவர்கள் உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சலையும் அறிந்திருக்க வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. இதை உண்டாக்குவது வைரஸ் என்பதால் டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது. இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலிமாத்திரைகளைத் தவிர்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் மே வரை அந்தக் காடுகளில் குரங்கு செத்துக் கிடந்தால் அருகே போகாதீர்கள். அதன் உடலைவிட்டு இறங்கிய உண்ணிகள் சுற்றியுள்ள சருகில் இருக்கும். வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.