சோக முடிவு யாருக்குப் பிடிக்கும்? நாட்ட வச்சு முடிவு கட்டாதீங்க

அமெரிக்காக்காரனுக்கு கடைசில எல்லாம் சுபமா முடியணும், ரஷ்யாக்காரனுக்கு யாராவது செத்தாதான் படம் பார்த்த திருப்தி. சினிமா பேச்சு எங்க நடந்தாலும் யாராவது ஒருத்தர் இத எடுத்து விடுறாங்க, நாலு பேர் ஆமாம்னு தலையாட்டுறாங்க. ஒரு நாட்டு ஜனங்களோட மனச இவ்ளோ ஈஸியா அளந்துட முடியாது. இதுல நாம திரும்பத் திரும்ப பண்ற சில தப்புகள பத்திதான் எழுதுறேன்.

ரஷ்யா விஷயம் சும்மா கெளப்பி விட்டதில்ல, அத மொதல்ல சொல்லிடுறேன். 1910கள்ல டென்மார்க்கோட நார்டிஸ்க் படக் கம்பெனிக்கு ரஷ்யா ஒரு முக்கியமான மார்க்கெட், அதனால சில படங்களுக்கு ரஷ்யாவுக்குன்னே தனியா ஒரு சோக க்ளைமாக்ஸ் எடுத்து அனுப்பினாங்க. 1913ல ஆகஸ்ட் ப்ளோம் எடுத்த 'அட்லாண்டிஸ்' அப்படி ஒரு படம். டைட்டானிக் மூழ்கி ரெண்டு வருஷம் கூட ஆகல, இதுலயும் ஒரு கப்பல் மூழ்குது, மத்த ஊர்ல ஹீரோ பிழைச்சு புது வாழ்க்கைய ஆரம்பிக்கிறான், ரஷ்யாவுக்குப் போன பிரிண்ட்ல செத்துப்போறான். அந்த காலத்து ரஷ்ய சினிமா பத்திரிகைகளே எங்களுக்கு சோக முடிவுதான் வேணும்னு பெருமையா எழுதிட்டு இருந்தாங்க.

இங்கதான் மொத தப்பு பண்றோம், முடிவ மட்டும் பாத்துட்டு அது எங்கேருந்து வந்துச்சுன்னு தேடாம விட்டுடறோம். 1909ல அமெரிக்காவுல கிரிஃபித் 'தி லோன்லி வில்லா'ன்னு ஒரு சின்னப் படம் எடுத்தார். தனியா இருக்குற வீடு, புருஷன் வெளிய போயிருக்கான், திருடனுங்க கதவ உடைக்கிறாங்க, உள்ள பொண்டாட்டியும் பொண்ணுங்களும். நடுவழில கார் மக்கர் பண்ணி அவன் வீட்டுக்கு போன் போடுறப்பதான் விஷயமே தெரியுது, கெடச்ச குதிரை வண்டிய புடிச்சு அடிச்சுப் புடிச்சு வந்து கடைசி நிமிஷத்துல காப்பாத்திடுறான். 1914ல ரஷ்யாவுல ப்ரொடஸானோவ் இதே கதைய எடுத்தார், அதுல புருஷன் வந்து சேர்றதுக்குள்ள பொண்டாட்டி செத்துட்டா. பாத்தீங்களா ரஷ்ய மனசுன்னு சொல்லத் தோணும். ஆனா இந்தக் கதை 1901லயே பாரிஸ்ல ஆந்த்ரே த லோர்தோட நாடகமா மேடை ஏறிடுச்சு, அதுல புருஷன் ரிசீவர காதுல வச்சுகிட்டு தன் குடும்பம் சாகுறத ஒண்ணும் பண்ண முடியாம கேட்டுட்டு நிக்கிறான். அதாவது சோகம் பிரெஞ்சு நாடகத்துலயே இருந்தது, சுபமா மாத்தி எழுதுனது பின்னாடி வந்த சினிமாக்காரங்க. ரஷ்ய மேடை மெலோட்ராமாவுலயும் சோகமா முடிக்கிறது பழைய வழக்கம்தான், சினிமா அங்கேருந்து அத எடுத்துக்கிச்சு. இது தொழில் வழக்கம், ரத்தத்துல ஊறுன குணம்னு சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல.

குணம்னா நிக்கணும்ல? ரொம்ப வருஷம் நிக்கல. 1934லேருந்து சோவியத் அரசாங்கம் சோஷலிச யதார்த்தவாதம்னு சொல்லி நம்பிக்கையா முடியுற கதையத்தான் கேட்டுச்சு. சரி அது மேலேருந்து வந்த உத்தரவு, ஜனங்க விருப்பம் இல்லன்னு சொல்லலாம், நியாயம்தான். ஆனா 1980ல 'மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை' படத்த கோடிக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தாங்களே. கோவிச்சுகிட்டு காணாமப்போன காதலன் திரும்பி வந்து சமையக்கட்டுல உக்காந்து சூப் குடிக்கிறான், அவ எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருக்கா, அவ்ளோதான் முடிவு. எனக்குத் தெரிஞ்சு இவ்ளோ நிம்மதியான க்ளைமாக்ஸ் ரொம்ப கம்மி.

இன்னொரு பெரிய தப்பு, மேல உக்காந்திருக்குறவங்க எடுத்த முடிவ ஜனங்க தலைல கட்டுறது. 1927ல ஹாலிவுட் கம்பெனி எம்ஜிஎம், டால்ஸ்டாயோட அன்னா கரேனினா நாவல 'லவ்'ன்னு எடுத்தப்ப சோகமா ஒண்ணு, சுபமா ஒண்ணுன்னு ரெண்டு க்ளைமாக்ஸ் பண்ணி எது வேணும்னு அமெரிக்க தியேட்டர்காரங்களையே முடிவு பண்ண விட்டாங்க, அப்ப நடந்தது ஓனரோட கணக்கு. இந்திப் படம் 'ஷோலே'ல தாக்கூர் வில்லன் கப்பரை கொல்ற மாதிரிதான் எடுத்திருந்தாங்க, 1975ல சென்சார் ஒத்துக்கல, போலீஸ் வந்து புடிக்கிற மாதிரி ஆச்சு. சீனாவுல 2022ல 'ஃபைட் கிளப்' ஒரு ஸ்ட்ரீமிங் தளத்துல வந்தப்ப கடைசி சீன தூக்கிட்டு போலீஸ் எல்லாரையும் புடிச்சாச்சுன்னு ஒரு கார்டு போட்டாங்க, ஆடியன்ஸ் கொதிச்சுப் போய் திட்டுனாங்க, கொஞ்ச நாள்லயே வெட்டுனதுல பெரும்பகுதி திரும்பி வந்துச்சு. இந்த பிரிண்ட மட்டும் பார்த்த ஒருத்தர் சீனாக்காரனுக்கு போலீஸ் ஜெயிச்சாதான் பிடிக்கும்னு எழுதிட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

எதிர் உதாரணத்த கண்டுக்காம விடுறதும் இருக்கு. 'அட்லாண்டிஸ்'ல உதவியா வேலை பார்த்து சின்ன ரோல்லயும் நடிச்ச மைக்கேல் கர்டிஸ்தான் பின்னாடி ஹாலிவுட் போய் 'காஸாப்ளாங்கா' எடுத்தார். காதலர்கள் பிரியுற படம், அமெரிக்காவுல ஆஸ்கர் வாங்கி இன்னைக்கு வரைக்கும் தலைல தூக்கி வச்சு கொண்டாடுறாங்க. 1997ல 'டைட்டானிக்' கதையும் தெரியும். 'ஐ யாம் லெஜண்ட்'ல இன்னும் விசேஷம், ஹீரோ பிழைக்கிற மாதிரி முதல்ல எடுத்தத ரிலீஸுக்கு முன்னாடி போட்டுக் காட்டுன டெஸ்ட் ஸ்க்ரீனிங்ல ஆடியன்ஸுக்குப் பிடிக்காமதான் 2007ல அவன் சாகுற மாதிரி மாத்தி ரிலீஸ் பண்ணாங்க.

நம்ம பக்கமும் இதே பேச்சு உண்டு. 1982ல 'மூன்றாம் பிறை' தமிழ்ல பிச்சுகிட்டு ஓடுச்சு, அடுத்த வருஷம் பாலு மகேந்திராவே அதே கமல், ஸ்ரீதேவிய வச்சு இந்தில 'சத்மா'ன்னு எடுத்தார், அதே ரயில்வே ஸ்டேஷன், அதே குட்டிக்கரணம், படம் சரியா போகல. உடனே இந்திக்காரங்களுக்கு சோக க்ளைமாக்ஸ் ஆகாதுன்னு ஒரு தீர்ப்பு, இன்னும் அத கேக்குறேன். ஆனா அதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி, 1981ல, பாலசந்தரோட 'ஏக் தூஜே கே லியே' வந்துச்சு. அதுவும் இந்தி, அதுலயும் கமல்தான், கடைசில காதலர்கள் ரெண்டு பேருமே செத்துப்போறாங்க, வடநாடு முழுக்க சூப்பர் ஹிட்.