தம்பி இல்லாமல் ரத்தம் ஏற்றப் போகும் நாள்: தலசீமியாவும் துக்கமும் சேர்ந்து வந்தவர்களுக்கு

உங்களுக்குத் தலசீமியா மேஜர், அதாவது பிறவியிலேயே வந்து வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வைக்கும் ரத்த நோய். உங்கள் அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே நோய் இருந்தது, அவர் தவறிவிட்டார். இனி நீங்கள் மட்டும் அதே வார்டுக்கு ரத்தம் ஏற்றப் போக வேண்டும். அந்த நிலையில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. பால்குடி வயதிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவள். தம்பியும் நானும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து பெட்டில்தான் ஏற்றிக்கொள்வோம். இதயம் பலவீனமாகி 22 வயதில் இறந்துபோனான். அதன் பிறகு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவர்கள், அந்த வார்டில் கையில் வென்ஃப்ளான் ஊசியோடு படுத்திருந்த மற்ற பிள்ளைகள்தான். அவர்களிடம் எப்படிப் போவது, என்ன கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் மாத்திரை

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்டார்கள். எங்கள் வார்டு அக்கா ஒருவர் மட்டும், "மாத்திரை போடுறியா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் தங்கையை இழந்தவர்.

எங்களைப் போன்றவர்களுக்குத் துக்கம் முதலில் கை வைப்பது மாத்திரையில்தான். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உடம்புக்குள் போகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். மிச்சமெல்லாம் ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும். அதனால்தான் அந்த இரும்பை வெளியேற்றும் மாத்திரை, டெஃபராசிராக்ஸோ டெஃபெரிப்ரோனோ, தினமும். கூடப் பிறந்தவர் போன பிறகு அந்த மாத்திரையைக் கையில் எடுத்தாலே, "அவனும்தானே போட்டான், என்ன ஆச்சு?" என்று தோன்றும். இரண்டு நாள் விட்டுப்போகும், பிறகு இரண்டு வாரம். வெளியே யாருக்கும் தெரியாது, உடம்பிலும் உடனே ஒன்றும் காட்டாது. ரத்தப் பரிசோதனையில் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறிய பிறகுதான் டாக்டருக்கே தெரியவரும்.

எனவே துணையாக வருபவரிடம் (இதே நோயோடு ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒருவர், அவரை எப்படித் தேடுவது என்று அடுத்துச் சொல்கிறேன்) முதல் உதவியாக இதைக் கேளுங்கள்: "தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் மாத்திரை போட்டேனான்னு ஒரு மெசேஜ் போடுவீங்களா?" அவரும் போட வேண்டியவர்தான். "போட்டாச்சு" என்று இருவரும் அனுப்பிக்கொண்டால் போதும். வேறு பேச்சு வேண்டும் என்றால் அதன் பின்னால் தானாக வரும். வராத இரவிலும் அந்த ஒரு வார்த்தை வந்துவிடும். போடவில்லை என்றால் போடவில்லை என்றே எழுத வேண்டும், மற்றவர் திட்டக்கூடாது. இந்த ஒப்பந்தத்தை ஆரம்பத்திலேயே செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நான்காம் நாளே பொய் எழுதத் தோன்றும்.

யாரைத் தேடுவது

அப்பா, அம்மா இருவரும் கேரியர் (தனக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வருவது எங்கள் வார்டுகளில் புதிதில்லை. அப்படியென்றால் அண்ணனையோ தங்கையையோ இழந்து, தானும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருப்பவர் நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருப்பார்.

வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு எல்லார் கதையும் தெரியும். ஆனால் அடுத்தவரின் போன் நம்பரைக் கேட்காதீர்கள், அதைக் கொடுப்பது அவர்களுக்குச் சங்கடம். உங்கள் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "விருப்பம் இருந்தா கூப்பிடச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கொடுத்துவிடுங்கள். கூப்பிட வேண்டாம் என்று நினைப்பவருக்கும் அதில் மரியாதை இருக்கிறது.

இழப்பு நடந்து ஒரு வருடமாவது ஆனவராக இருந்தால் நல்லது. நேற்று இழந்தவரும் இன்று இழந்தவரும் சேர்ந்தால் இருவருமே தாங்கமாட்டார்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா, உங்கள் வயதில், உங்களுக்கு ரத்தம் ஏற்றும் அதே நாளில் வருபவர் போதும். நேரில் பேச்சை ஆரம்பிக்க நீண்ட முன்னுரை எதுவும் வேண்டாம். "அக்கா, என் தம்பி போன மாசம் தவறிட்டான். இன்னைக்கு உங்க பக்கத்து பெட்ல உக்காந்துக்கட்டுமா?" இவ்வளவுதான். ரத்தம் இறங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் யாரும் எழுந்து போய்விட முடியாது. எங்கள் நோயில் எனக்குப் பிடித்த விஷயம் ஏதாவது உண்டென்றால் அந்த நான்கு மணி நேரம்தான்.

இழப்புக்குப் பிறகு முதல் ரத்த நாள்

இந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று வீட்டில் சொல்வார்கள். ஹீமோகுளோபின் இறங்க இறங்க மூச்சு வாங்கும், படுத்தால் எழ முடியாது, காரணமில்லாமல் அழுகை வரும். துக்கம் எது, ரத்தக் குறைவு எது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். ரத்தம் ஏற்றிய மறுநாள் துக்கம் அப்படியேதான் இருக்கும், ஆனால் அதைத் தாங்கி நடக்கக் கால்கள் இருக்கும்.

போவதற்கு முந்தின நாள் உங்கள் துணையையோ உறவினர் ஒருவரையோ வார்டுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது மூன்று. தம்பி இறந்துவிட்டான், எனவே அவன் பெயரைக் கூப்பிட வேண்டாம். அவனுடைய ஃபைலை என்னுடையதோடு சேர்த்து எடுத்துவர வேண்டாம். அவனுக்கு வழக்கமாகப் போடும் பெட்டை எனக்குக் கொடுக்க வேண்டாம் (சிலர் அந்த பெட்தான் வேண்டும் என்பார்கள், அதுவும் சரிதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). டூட்டி மாறிவரும் புதிய சிஸ்டர், "எங்கம்மா, தம்பி வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதைத் தடுக்க வேறு வழியில்லை. அவர் மேல் குற்றமில்லை, ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது உங்கள் வேலையாக இருக்கக்கூடாது.

"ஏன் நான் இருக்கிறேன்?"

இதைத் துணையிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாது, நண்பர்களிடம் சொன்னால் பதறிப்போய் வாயை மூடுவார்கள். இதே கேள்வி தனக்குள் ஓடிக்கொண்டிருப்பவர் பதறமாட்டார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்பார். அந்தப் பதில் போதும். தேற்றச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

கேட்டு முடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. இந்தக் கேள்விக்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கும்: அடுத்தது நானா? அந்தப் பயத்தை டாக்டரிடம் கேட்கும் கேள்வியாக மாற்றுங்கள். ஒரே வீடு, ஒரே மாத்திரை என்றாலும் இரும்பு ஒவ்வொருவர் இதயத்திலும் ஒரே அளவில் சேர்வதில்லை. ஃபெரிட்டின் எண்ணை மட்டும் வைத்து இதயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. அதற்கு டி2 ஸ்டார் எம்ஆர்ஐ என்ற ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் வரும் எண் 20 மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது, 10-க்குக் கீழே என்றால் ஆபத்து. "எனக்கு இது எப்போது எடுத்தது, எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். கேட்கப் போகும்போது துணையைக் கூட்டிப் போங்கள், ஏனென்றால் டாக்டர் சொல்லும் பதில் பாதிதான் அன்று உங்கள் காதில் விழும். தம்பிக்கு நடந்தது உங்களுக்கும் எழுதிவைத்த ஒன்றில்லை என்பதை ஆயிரம் பேர் வாயால் சொல்லியும் நம்பாத நான், என் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் நம்பினேன்.

நோயில்லாத உடன்பிறப்புகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்களிலும் நோயுள்ளவரின் மாற்று சிகிச்சைக்காக எலும்பு மஜ்ஜை கொடுத்தவர்களின் பாடு தனி. மாற்று சிகிச்சை பலிக்காமல் போனால், எட்டு வயதில் மஜ்ஜை கொடுத்த பிள்ளைகூட, "என்னுது சரியில்லாமத்தான் அக்கா செத்துட்டா" என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு வளரும். அவர்களுக்குத் துணையாக மஜ்ஜை கொடுத்த இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள், நாம் போதாது.

கூட்டம் சேரும்போது

நாலைந்து பேர் சேர்ந்ததும் வாட்ஸப் குழு வந்துவிடும். வரட்டும். ஆனால் டோனர் தேடும் குழுவும் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடாது. "ஓ நெகட்டிவ் அவசரம்" என்ற செய்திக்கு அடியில் யாரும் அழ முடியாது.

ஃபெரிட்டின் எண்ணைக் குழுவில் போட்டு ஒப்பிட வேண்டாம். மாத்திரை அளவை ஒருவருக்கொருவர் மாற்றிச் சொல்ல வேண்டவே வேண்டாம். காய்ச்சல் வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மண்ணீரல் எடுத்தவருக்குக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். டெஃபெரிப்ரோன் சாப்பிடுபவருக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் காய்ச்சல் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதை மட்டும் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: இந்தக் கூட்டத்திலேயே ஒருவர் இறந்துபோகக்கூடும். அந்தச் செய்தியை ராத்திரி குழுவில் போடாதீர்கள், படம் போட்டு மாலை வைக்காதீர்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சமீபத்தில் உடன்பிறப்பை இழந்தவருக்கு முதலில், முடிந்தால் நேரில். அதன் பிறகு யாராவது "இந்த மாசம் எனக்கு முடியல" என்றால் கேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். ராத்திரி மாத்திரை மெசேஜ் மட்டும் போய்க்கொண்டிருக்கட்டும்.

வீட்டில் அம்மா உங்கள் ஒவ்வொரு இருமலையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "நீயாச்சும் பத்திரமா இருடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பாரத்தை நீங்கள் ஒருவர் சுமக்க முடியாது. அம்மாவையும் பிள்ளை இழந்த இன்னொரு அம்மாவோடு சேர்த்துவிடுங்கள்.

துணைக்கு மீறியது

ஒருவர் மாத்திரையை வேண்டுமென்றே நிறுத்துகிறார், ரத்தம் வேண்டாம் என்கிறார், "அவன்கிட்ட போயிடுறேன்" என்கிறார் என்றால் அது நம் கைக்குள் அடங்காது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே வார்டு டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.

முன்பே யோசித்து வைக்க வேண்டிய நாட்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று மே 8, உலக தலசீமியா தினம். சைப்ரஸ் நாட்டுப் பானோஸ் எங்லெசோஸ், தலசீமியாவால் இறந்த தன் மகன் ஜார்ஜின் நினைவாக ஏற்படுத்திய நாள் அது. வார்டில் கேக் வெட்டி, சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். போவதா வேண்டாமா என்பதை ஒரு வாரம் முன்பே துணையோடு பேசி முடிவு செய்யுங்கள். போனால் பாதியில் கிளம்பிவிடலாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது திதி நாள். அன்று இறந்தவர் நினைவாக நாம் ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் நம் சித்தப்பா, மாமா பிள்ளைகள் கொடுக்கலாம். 18 வயது முடிந்து, குறைந்தது 45 கிலோ எடை இருக்க வேண்டும், மற்றத் தகுதிகளை ரத்த வங்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் திதிக்கு வரும் பையன்களிடம் முன்பே சொல்லி வைத்துவிடுகிறோம். எத்தனை பேர் வருவார்கள் என்று ரத்த வங்கிக்குச் சில நாள் முன்னால் போன் செய்து சொல்லுங்கள், சும்மா காத்திருக்க வைக்காமல் எடுத்துக்கொள்வார்கள்.