எலுமிச்சை முந்தும், பூ தங்கும்: கோடை சென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லிகை, சம்பங்கி, கார்டினியா போன்ற வெள்ளைப் பூக்களோடு எலுமிச்சை, ஆரஞ்சு, அதே வகைப் பழமான பெர்கமாட் ஆகியவற்றின் மணம் சேர்ந்த சென்ட் வெயில் காலத்துக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் இந்த இரண்டு மணமும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்றாகப் போவதில்லை. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலில் இருக்கும் லிமோனீன் என்ற மணப்பொருள் சட்டென்று ஆவியாகிவிடும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி பறந்துவிடும். பூவின் மணமோ மணிக்கணக்கில் நிற்கும். இதைக் கணக்கில் வைக்காததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்ததும் வாங்கிவிடுவது அதில் முதலாவது. அப்போது மூக்கில் ஏறுவது எலுமிச்சை மட்டும்தான். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது பூ. மல்லிகையில் இயற்கையாகவே இண்டோல் என்ற பொருள் உண்டு. அளவோடு இருந்தால் பூவுக்கு உயிர் தருவதே அதுதான். கூடினால் அந்துருண்டை நெடி அடிக்கும். உடல் சூட்டில் அது இன்னும் தூக்கலாகத் தெரியும். அதனால் மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் வாங்கலாம்.

அடுத்தது, வாசனை போய்விட்டது என்று நினைத்து மேலே மேலே அடிப்பது. போனது எலுமிச்சை மட்டுமே. பூ அங்கேயே இருக்கும். உங்கள் மூக்குதான் அதற்குப் பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வருவது இப்படித்தான். இன்னும் இருக்கிறதா என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது. அந்தப் புத்துணர்ச்சி மறுபடி வேண்டுமென்றால், எலுமிச்சை மணமுள்ள லேசான கொலோன் ஒன்றை மேலே தெளித்தால் போதும்.

மணிக்கட்டுகளைத் தேய்த்தால் மணத்தின் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது. சூடு பட்டு எலுமிச்சை இன்னும் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றித்தான். பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம் போலச் சிவக்கும். அப்புறம் சென்ட் வழிந்த இடத்தில் பழுப்புக் கோடு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இந்தப் பொருளை நீக்கிய பெர்கமாட் எண்ணெயும் வாசனைத் தொழிலில் புழங்குகிறது. ஆனால் எண்ணெய் வாங்கி வீட்டிலேயே கலப்பவர்கள் கழுத்தில் தடவிக்கொண்டு கடற்கரைக்குப் போவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கும் இது பொருந்தும். வெயிலில் இருக்கப்போகிறீர்கள் என்றால் துணிமேல் அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் கறை பிடிக்குமா என்று மட்டும் உள்மடிப்பில் முதலில் பார்த்துவிடுங்கள்.

பாட்டிலை ஜன்னலோரத்திலும் காரிலும் வைப்பது இன்னொரு தவறு. சூட்டிலும் காற்றிலும் லிமோனீன் கெட்டுப்போகும். கெட்டது சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் தரும். வெளிச்சம் படாத அலமாரி போதும். ஆனால் நிறம் கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மல்லிகை, ஆரஞ்சுப் பூ மணத்துக்குச் சேர்க்கும் சில பொருட்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து தாமாகவே மஞ்சளாகிக் கருக்கும். முகர்ந்து பாருங்கள்: தொடக்கத்தில் பெயின்ட் கடை போன்ற காரநெடி அடித்தால் எலுமிச்சை கெட்டுவிட்டது, இல்லையென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.