சிறிய மீன் தொட்டிக்கு நாயக மீன் தேர்ந்தெடுப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு

இரண்டடி நீளமுள்ள ஒரு கலப்பு மீன் தொட்டியில் சிறு மீன்கள் கூட்டமாகத் திரிந்தாலும், பார்ப்பவர் கண்ணை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஒரு மீனோ ஒரு சோடியோ இருந்தால்தான் அந்தத் தொட்டி நிறைவு பெறுகிறது. அந்த நாயக மீனைப் பெரும்பாலோர் கடையில் நின்று, நிறத்தைப் பார்த்து, அந்த நிமிடத்திலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள நமது கடற்கரையில் இந்த வழக்கம் பெரும்பாலும் மீனின் சாவில்தான் முடிகிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வரும் தண்ணீர். அடுத்தது கோடை வெப்பம். அதன்பின் தொட்டியின் அளவும் கூட இருக்கப்போகும் மீன்களும். இவை இடங்கொடுக்கும் மீன்களுக்குள் நமக்குப் பிடித்த அழகைத் தேடிக்கொள்வதே சரியான வரிசை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்த் தண்ணீர் ஒன்று, வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒன்று, மணற்பாங்கான இடங்களில் தோண்டிய கிணற்று நீர் ஒன்று. இவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்தே இருப்பது. மணற்கிணற்று நீர் நாக்குக்கு இனிப்பாக இருந்தாலும், சிப்பித் துணுக்கும் பவளத் துணுக்கும் கலந்த மணலினூடே ஊறி வருவதால் சுண்ணச்சத்து மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே சுவையை வைத்து முடிவு செய்யக்கூடாது. சோப்பு நுரைக்க மறுப்பதும், வாளியின் உட்புறம் வெள்ளைப் படிவு ஏறுவதும் கடினத்தன்மைக்கு நம்பகமான அடையாளங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைபொருளை மட்டும் காட்டும், அதில் உப்பு எவ்வளவு, சுண்ணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதனால் மீன் கடைகளில் விற்கும் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு), கடினத்தன்மை சோதனைத் துளிகளையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பிஎச் அளவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, தண்ணீரில் நஞ்சான வடிவிலும் அவ்வளவாகத் தீங்கற்ற வடிவிலும் சேர்ந்தே இருக்கும். பிஎச்சும் வெப்பமும் உயர உயர, நஞ்சான வடிவின் பங்கு கூடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் அந்த நஞ்சு, பிஎச் 8 ஆகும்போது ஏழு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதாவது குளிர்ந்த, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒருவர் சற்றே கூடுதலாகத் தீனி போட்டுத் தப்பித்துக்கொள்ளும் அதே தவறு, நம் வீட்டுத் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும். நாயக மீன் பெரும்பாலும் தொட்டியிலேயே பெரிய மீன். அது விடும் கழிவும் அதிகம். ஆகவே அளவில் அடக்கமான மீனைத் தேடுவது இங்கே கட்டாயம்.

தொட்டிக்குள் வைக்கும் பொருளும் தண்ணீரை மாற்றும். கடற்கரை மணலையும், சிப்பிகளையும், ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லையும் அலங்காரமாகப் போடும் பழக்கம் நம் பகுதியில் உண்டு. அவை மெல்லக் கரைந்து பிஎச்சையும் கடினத்தன்மையையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பவளத்துக்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இருப்பதால், அதை எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம். கடல்குதிரைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதற்காகக் கடல் மீனைப் பிடித்து வந்து சின்னத் தொட்டியில் வைக்கும் ஆசையை, சட்டத்துக்காகவும் அந்த மீனுக்காகவும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வெப்பம். சித்திரை, வைகாசி மாதங்களில் மூடிய அறையிலுள்ள தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நிற்பது இங்கே இயல்பு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 31, 32 டிகிரியில் அது 7.4 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீரில் உயிர்வளி குறைகிற அதே நேரத்தில், உடற்சூடு ஏறிய மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்த நிலையில் மின்சாரம் நின்று மோட்டாரும் நின்றுவிட்டால் முதலில் தடுமாறுவது பெரிய மீன்தான். தண்ணீர்ப் பரப்புக்கு நேராகச் சிறு மின்விசிறி வைத்தால் வெப்பம் ஓரளவு இறங்கும், ஆனால் ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் அந்தப் பலன் குறைவு. மேலும் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த தண்ணீரை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும் என்பதால், நிரப்புவதற்குக் குளோரின் நீங்கிய காவிரித் தண்ணீரையோ, ஐப்பசி மழையில் கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

தொட்டியின் அளவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 55 லிட்டர் அளவுதான். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் கையில் நிற்கும். அதற்குள் முழு வளர்ச்சியில் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும் மீனை வைக்கக்கூடாது என்பதை நான் எல்லையாகக் கொள்கிறேன். இந்த எல்லையிலேயே ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், நீலக் கவுராமி ஆகியவை விலகிவிடுகின்றன. ஏஞ்சல் மீனும் விலக வேண்டியதுதான்: கடையில் ரூபாய் நாணய அளவில் இருக்கும் அந்தக் குஞ்சு வளர்ந்தபின் அதற்கு ஒன்றரை அடி உயரத் தண்ணீர் தேவைப்படும், கூடவே இருக்கும் நியான் டெட்ரா போன்ற சிறு மீன்களை அது ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

இனித் தேர்வுக்கு வருவோம். காவிரித் தண்ணீரை மட்டுமே பயன்படுத்தும் வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை தேன் கவுராமி. ஐந்து சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும் சாதுவான மீன் இது. கவுராமி இனம் முழுவதற்கும் தலைக்குள் ஒரு துணைச் சுவாச உறுப்பு இருக்கிறது; மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு அதிலிருந்து உயிர்வளியைப் பெறும். நம் கண்மாய்களில் கிடைக்கும் பனையேறிக் கெண்டை தரையிலும் சிறிது நேரம் தாக்குப்பிடிப்பது இதே உறுப்பால்தான். கோடையில் உயிர்வளி குறைந்தாலும், மின்சாரம் நின்றாலும், இந்த மீன் சமாளித்துக்கொள்ளும் என்பதே நம் கடற்கரைக்கு அது ஏற்றதாக இருப்பதன் காரணம். ஆண் மீன் நன்கு பழகியபின் உடல் தேன் நிறமும், தொண்டையிலிருந்து வயிற்றின் அடிவரை கருநீலமுமாக மாறும். கடைத் தொட்டியில் நெருக்கடியில் இருக்கும்போது இந்த நிறம் வெளிப்படாது, வெளிறிய மஞ்சளாகவே தெரியும்; அதனாலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். ஓர் ஆணும் இரண்டு பெண்ணுமாக விட்டால், வயிற்றுத் துடுப்பு நீண்டு உருவான மெல்லிய இழைகளால் செடியையும் கண்ணாடியையும் ஒன்றையொன்றும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அதன் நடத்தையை மணிக்கணக்கில் பார்க்கலாம்.

குள்ளக் கவுராமி இதைவிடப் பளிச்சென்றது. சிவப்பும் நீலமும் மாறிமாறி ஓடும் ஆண் மீன் ஏழெட்டு சென்டிமீட்டர் வரும். ஆனால் பண்ணைகளில் வளர்க்கப்படும் குள்ளக் கவுராமியிடம் மருந்தில்லாத ஒரு வைரஸ் நோய் பரவலாகக் காணப்படுகிறது. வாங்குவதென்றால், அதே தொட்டியிலுள்ள எல்லாக் கவுராமிகளையும் பார்த்து, ஒன்றுக்குக்கூட உடலில் புண்ணோ நிறம் மங்கலோ இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள். இரண்டு ஆண்களை ஒரே சிறு தொட்டியில் விடாதீர்கள். ஃபைட்டர் ஆண் மீனும் வெப்பத்தைத் தாங்கும், மேலே வந்து காற்றெடுக்கும். ஆனால் அது இருக்கும் தொட்டியில் நீண்ட வால் உள்ள கப்பி ஆண்களும், துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்பும் இருக்கக்கூடாது, பில்டரின் வேகமும் குறைவாக இருக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஒரே வழி என்ற வீடுகளுக்கு, அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாத மீனைச் சொல்கிறேன்: ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் காயல்களிலும் இயல்பாக வாழும் நம் மண்ணின் மீன் இது. கேரளத்தார் கொண்டாடும் கரிமீனின் நெருங்கிய உறவு. பிளாக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1795 இலேயே இதற்கு அறிவியல் பெயரிட்டிருக்கிறார். எட்டு சென்டிமீட்டர் அளவில் வட்டமாக, தட்டையாக, பொன்மஞ்சள் உடலில் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். கடினமான நீரும் இலேசான உப்பும் இதற்குப் பகையல்ல. சோடி சேர்ந்தபின் தாயும் தந்தையும் முட்டையைக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். இதைச் சிறு தொட்டியில் நேரில் காணக்கிடைப்பது பெரும் பேறு என்றே கருதுகிறேன். அந்தக் காவற்காலத்தில் மட்டும் மற்ற மீன்களை விரட்டும். ஒதுங்கிக்கொள்ளக் கல்லும் சட்டித் துண்டும் போட்டுவைத்தால் போதும். இதற்குத் துணையாகப் பிளாட்டி, மோலி போன்ற கடினநீரை விரும்பும் மீன்களை விடுங்கள். கடையில் கரிமீன் குஞ்சைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றால் ஏற்காதீர்கள். அது இருபது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். எல்லாக் கடையிலும் குரோமைடு இருக்காது. முன்கூட்டிச் சொல்லிவைத்து, சென்னை கொளத்தூரிலிருந்து சரக்கு வரும்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம்.

ஜெர்மன் ராம் மீனைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நம் வெப்பம் அதற்கு ஒத்துவரும், நம் தண்ணீர் ஒத்துவராது. ஆர்ஓ தண்ணீரை ஒவ்வொரு வாரமும் கலந்து கொடுக்கும் பொறுமை இருந்தால் ஒழிய வேண்டாம். துணை மீன்களிலும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நியான் டெட்ரா குளிர்ச்சியை விரும்புவது. மென்மையான தண்ணீர் உள்ளவர்கள் அதற்குப் பதிலாகக் கார்டினல் டெட்ராவைத் தேன் கவுராமியோடு விடலாம்.

கடைக்குப் போகும்போது அவசரப்படாமல் கால்மணி நேரமாவது தொட்டியின் முன் நில்லுங்கள். கடைக்காரரைச் சிறிது தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னும் மீனையே எடுக்க வேண்டும். துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருப்பது, மூலையில் தலை சாய்த்து நிற்பது, கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை ஒட்டியிருப்பது, வெள்ளை நூல் போன்ற கழிவு தொங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் வாங்காதீர்கள். மீன் வந்து எத்தனை நாளாயிற்று, எந்தத் தண்ணீரில் வைத்திருக்கிறீர்கள் என்று இரண்டையும் கேளுங்கள். அன்றைக்கே வந்திறங்கிய மீனென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவது உத்தமம்.

நாயக மீனைத் தொட்டியில் கடைசியாகத்தான் விட வேண்டும். பில்டர் ஓடத் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்கள் கழிந்து, நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்து, சிறு மீன்கள் நிலைகொண்ட பின்பு இது வந்தால், முழுத் தொட்டியையும் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டாது. மாலையில், விளக்கை அணைத்துவிட்டு, பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். அதன்பின் பைத் தண்ணீரோடு மீனை ஒரு சிறு வாளிக்கு மாற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஒரு மணி நேரம் செலவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. கடைத் தண்ணீரும் உங்கள் தண்ணீரும் டிடிஎஸ் மீட்டரில் வெகுவாக வேறுபட்டால் இந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்குங்கள். கவுராமியும் ஃபைட்டரும் வெளிக்காற்றை எடுப்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, மூடியைப் போட்டே வைத்திருங்கள். முதல் நாள் தீனி வேண்டாம். மறுநாள் காலையில் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டு, நாயக மீன் அதில் தன் பங்கை எடுக்கிறதா என்று பாருங்கள்.