பாங்காக் அரண்மனை வாசலில் ஏமாறாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். கிராண்ட் பேலஸ் பக்கம் நடக்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்தபடி வந்து, "இன்று விசேஷ நாள், அரண்மனை மூடியிருக்கிறது" என்பார். வெறும் 20 பாட் (தாய்லாந்துப் பணம்) வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக்காட்ட ஒரு டுக்டுக் ஆட்டோவும் பக்கத்திலேயே தயாராக நிற்கும். ஏறினால் ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பேச்சே கொடுக்காமல் நேராக டிக்கெட் கவுண்டர்வரை போய்ப் பாருங்கள். காலை 8.30 மணிக்குத் திறந்துவிடும். வெயில் ஏறுமுன் போவதுதான் சுகம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

அப்புறம், கொஞ்ச தூரம் நடந்தால் வாட் போ புத்தர் கோயில். அங்கே சயனித்திருக்கும் 46 மீட்டர் நீளப் புத்தரின் பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த வேலைப்பாட்டை அவசரப்படாமல் நின்று பாருங்கள், அவ்வளவு நுணுக்கம். பக்கத்துத் தா தியேன் துறையில் படகேறினால் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில்.