பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? முதலில் பிடிமானத்தைப் பாருங்கள்

காம்பில் வெடிப்பு, அம்மாவுக்குத் தோள்பட்டையில் இறுக்கம், ஒரு பக்கம் ஒழுங்காகக் குடித்துவிட்டு மறுபக்கம் மாற்றினால் அலறும் குழந்தை. மூன்றும் தனித்தனிப் பிரச்சினையாகத் தெரிந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது பிடிமானத்தைத்தான்: நீங்கள் குழந்தையைப் பிடித்திருக்கும் விதமும், அது காம்பைக் கவ்வும் விதமும். கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை) நேரம் கேட்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

படி 1: உட்காருங்கள்

முதுகு சாயும் நாற்காலி, பாதத்துக்கு அடியில் சிறு முக்காலி, மடியில் ஒரு தலையணை. குழந்தையின் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வரும் அளவுக்குத் தலையணை உயர வேண்டும். குழந்தையை மார்பிடம் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனியாதீர்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் குனிந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

படி 2: குழந்தையைத் திருப்புங்கள்

வயிறோடு வயிறு ஒட்டட்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உடம்பு மல்லாந்தும் தலை மட்டும் உங்கள் பக்கம் திரும்பியும் இருந்தால் குழந்தையால் சரியாக விழுங்க முடியாது.

இடது மார்பில் கொடுக்கும்போது வலது கையால் குழந்தையைத் தாங்குங்கள். உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காதுகளுக்குக் கீழே. பின்மண்டையில் கை வைத்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழந்தை எதிர்த்து முதுகை வளைக்கும், முகவாயும் நெஞ்சோடு ஒட்டிவிடும். முகவாயை நெஞ்சில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், அதன் சிரமம் புரியும்.

படி 3: வாய் திறக்கும்வரை பொறுங்கள்

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். இடது கையால் மார்பைத் தாங்குங்கள். விரல்கள் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். காம்பு மூக்கை நோக்கி இருக்க, காம்பால் குழந்தையின் மேலுதட்டை லேசாகத் தடவுங்கள். பாதி திறந்ததும் திணித்துவிடாதீர்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறந்த அந்த ஒரு நொடியில், தோள்பட்டையைத் தாங்கிய கையால் குழந்தையைச் சட்டென்று அணையுங்கள். முதலில் முகவாய் மார்பில் பட வேண்டும், மேலுதடு கடைசியில்.

சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் உருண்டு இருக்கும். பால் இறங்கிய பிறகு ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் கேட்கும். கன்னம் குழிவதும் ‘டக் டக்’ என்று நாக்குச் சத்தம் வருவதும் பிடிமானம் நழுவுவதன் அடையாளம்.

குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல ஒரு பக்கம் சாய்ந்து நசுங்கியிருந்தால், காம்பு உள்ளே மென்மையான அண்ணம்வரை போகாமல் முன்பக்கக் கெட்டி அண்ணத்தில் அரைபட்டிருக்கிறது. வெடிப்பு வருவது இதனால்தான். களிம்பு புண்ணை ஆற்றலாம், பிடிமானத்தைச் சரிசெய்யாது. முதல் சில நாட்களில் தொடக்கத்தில் அரை நிமிடம்போலச் சுருக்கென்று இருக்கலாம். வலி அதையும் தாண்டி நீடித்தால் சுண்டுவிரலை வாயோரமாக ஈறுகளுக்கு நடுவில் விட்டு, காற்றுப் பிடிப்பை விடுவித்து, மறுபடி ஆரம்பியுங்கள். அப்படியே இழுத்து எடுக்காதீர்கள்.

போதுமான பால் போகிறதா?

மார்பு மெத்தென்று ஆகிவிட்டதே, பால் வற்றிவிட்டதோ என்று பலர் பயப்படுவார்கள். அதை விடுங்கள், டயப்பரை எண்ணுங்கள். 5-ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 ஈர டயப்பராவது வர வேண்டும். கருப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்தவுடன் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால் கட்டிக்கொண்டால் அழுத்திப் பிசைவது பழைய வழக்கம். அது வீக்கத்தைக் கூட்டும். குழந்தை கேட்கும்போது கொடுங்கள், இடையில் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் வையுங்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு பக்கம் மட்டும் குடித்தால்

குழந்தை விழித்திருக்கும்போது கவனியுங்கள். தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பி, மறுபக்கம் ஒரு சத்தம் கொடுத்தாலும் முழுதாகத் திரும்பாவிட்டால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாவது இன்னொரு அடையாளம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபிஸ்ட்டிடம் நீட்சிப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் சரியாகும்.

அதுவரை ஒரு உபாயம்: இடது மார்பில் குடித்த குழந்தையை வலதுக்கு மாற்றும்போது திருப்பிப் போடாமல், படுத்த நிலையிலேயே பக்கவாட்டில் நகர்த்துங்கள். உடம்பு உங்கள் வலது அக்குளுக்கு அடியில் போகும், தலை மட்டும் முன்னால் இருக்கும். கழுத்து அதற்குப் பழகிய பக்கமே திரும்பியிருப்பதால் பெரும்பாலும் மறுப்பில்லாமல் குடிக்கும். விழித்திருக்கும் நேரத்தில் தினம் இரண்டு மூன்று தடவை, சில நிமிடங்கள், பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

கைரோபிராக்டிக் எங்கே வருகிறது?

அம்மாவின் முதுகு வலிக்கு இந்தக் கைமுறைச் சிகிச்சை ஓரளவு நிவாரணம் தரலாம். பிரசவமாகி எத்தனை வாரம், சிசேரியனா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு என்றால் எங்கள் கருத்து வேறு. ஓயாமல் அழும் குழந்தைகளுக்கான கைமுறைச் சிகிச்சை பற்றி 2012-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வில் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை) இருந்தவை 6 சிறிய ஆய்வுகள், மொத்தம் 325 குழந்தைகள். அழுகை குறைந்ததாகத்தான் வந்தது. ஆனால் அழுகையைக் குறித்துவைத்தது பெற்றோர். சிகிச்சை நடந்தது அவர்களில் பலருக்குத் தெரியும். போதாததற்கு, இந்த அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய் 3, 4 மாதத்தில் தானாகவே அடங்கும் தன்மை உடையது. கைராசி யாருடையது என்று எப்படிச் சொல்வது?

அப்படியும் போவதானால் குழந்தை மருத்துவர் பார்த்த பிறகு போங்கள். எவ்வளவு அழுத்தம் கொடுப்பீர்கள் என்று கேட்டு, முதலில் உங்கள் முன்கையில் காட்டச் சொல்லுங்கள். கழுத்தைத் திருகுவது, சொடுக்கெடுப்பதுபோல அசைப்பது என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பால் குடிக்க எழுப்ப முடியாத தூக்கம், பச்சை நிற வாந்தி இவற்றில் ஏதாவது இருந்தால் எந்தச் சிகிச்சையாளருக்காகவும் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.