வேலூர் வெயிலில் பிரண்டை: துண்டு நடுவதிலிருந்து துவையல் வரை

தொட்டியில் நட்ட பிரண்டை அழுகிப்போனால், பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். துவையல் தின்று நாக்கு அரித்தால், முற்றிய தண்டோ அரைகுறை வதக்கலோதான் காரணம். இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் பிரண்டையைப் போலத் தொல்லை தராத கொடி வேறில்லை.

இது ஆப்பிரிக்காவின் வறண்ட முள்காட்டுக் கொடி. மேற்கே செனகல் முதல் கிழக்கே சோமாலியா வரை, தெற்கே தென்னாப்பிரிக்கா வரை புதர்மேல் படர்ந்து வளர்கிறது. அரேபியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாகவே உண்டு. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிசஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று 1767-இல் லின்னேயஸ் பெயரிட்டார். சித்த மருத்துவத்தில் வச்சிரவல்லி. தண்டின் நுண்துளைகளைப் பகலில் மூடிவைத்து, இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்வதால் நண்பகல் வெயிலில் அதிக நீரை இழப்பதில்லை. பழைய வட ஆற்காட்டின் பாறைக் குன்றுகளிலும் வேலியோரங்களிலும் யாரும் ஊற்றாமலே அது கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலூர் மொட்டைமாடிக்கு ஏற்ற கொடிதான். ஆனால் தரையில் தானாக வளர்வதற்கும் தொட்டியில் வளர்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

முதலில், அது பிரண்டைதானா?

சமையலுக்கு நாற்கோணத் தண்டுள்ள சாதாரணப் பிரண்டையில் தொடங்குங்கள். முப்பிரண்டை, ஓலைப் பிரண்டை, உருட்டுப் பிரண்டை எல்லாம் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தேடுபவர்கள் சதுரக்கள்ளியைப் பிரண்டை என்று நினைத்துவிடுவது உண்டு. அதற்கும் கோணத் தண்டுதான். நுனியை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிச்சல், அதனால் உடனே கையைக் கழுவுங்கள். பிரண்டையில் பால் வராது, வழுவழுப்பான நீர்தான் கசியும். கணுவுக்குக் கணு தண்டு ஒடுங்கியிருக்கும், இளங்கணுவில் ஓர் இலையும் அதற்கு எதிரே சுருள் கம்பி போன்ற பற்றுக்கம்பியும் இருக்கும். கள்ளியில் பற்றுக்கம்பி கிடையாது, முள் இருக்கும்.

துண்டு எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்துக் கொல்லை வேலியில் கிடைத்தால் நல்லது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவுநீர் ஓடிய கால்வாய் ஓரங்களில் முளைத்ததைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். அந்த மண்ணில் குரோமியமும் உப்பும் படிந்திருப்பது ஊரறிந்த செய்தி. நெடுஞ்சாலையோரத்துக் கொடியும் வேண்டாம். நடுவதற்கு மட்டும் வேண்டுமானால் எடுத்து, புது மண்ணில் புதிதாக விட்ட தளிரை மட்டும் பறித்துக்கொள்ளுங்கள்.

துண்டு வெட்டுவதும் காயவைப்பதும்

ஆனி, ஆடியில் மாலை மழை தொடங்கும்போது நடுவது சிறப்பு. மாசியிலும் நடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் பாதிக்குமேல் அழுகும். கத்திரி வெயிலில் நட்டால் வேர் விடுமுன் சுருங்கிவிடும்.

பென்சில் தடிமனுள்ள, பச்சை மாறாத, ஆனால் நகம் எளிதில் இறங்காத நடுத்தண்டை எடுங்கள். நுனித்தளிர் அழுகும், அடியில் பழுப்பேறிய தண்டு முளைக்கத் தாமதமாகும். ஒவ்வொரு துண்டிலும் 3 கணு இருக்கட்டும்; நீளம் சுமார் ஒரு சாண் வரும். அடிப்பக்கத்தைக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே சாய்வாகவும், மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிக்கொண்டால், காய்ந்த பிறகு எது தலை எது கால் என்று குழப்பம் வராது. தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறைய.

வெட்டியதை உடனே நடாதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் 4 நாள் பரப்பிவையுங்கள். மழைக்காலமானால் 6 நாள். வெட்டுவாய் வெளுத்துத் தோல் கட்டியதும் நடலாம். ஈர வெட்டுவாயோடு மண்ணுக்குள் போனால் பூஞ்சை நேரே தண்டுக்குள் ஏறும். பிரண்டைத் தண்டில் நீர் நிறைய இருப்பதால், ஒரு கணு அழுகினால் இரண்டே நாளில் அடுத்த கணுவுக்குப் பரவிவிடும். இந்த 4 நாள் பொறுமையில்தான் பாதி வேலை இருக்கிறது.

தொட்டியும் மண்ணும்

12 அங்குல மண்தொட்டியே போதும். குரோ பேக்கிலும் வளரும், ஆனால் அதில் ஈரம் நெடுநேரம் நிற்கும். கூடுதலாக நாலு துளை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் உடைந்த ஓட்டுச்சில் ஒரு அடுக்கு.

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு. ஆற்றுமணல் இல்லையென்றால் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதை இரண்டு மூன்று முறை அலசி மாவுபோன்ற தூளை வெளியேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூள் சிமெண்டு போல இறுகித் துளையை அடைத்துவிடும். ஏரி வண்டல் கத்திரிக்காய்க்குப் பொன்னாக இருக்கலாம், பிரண்டைக்கு வேண்டாம். தேங்காய் நார்த்தூளும் வேண்டாம். அதன் ஒரே வேலை ஈரத்தைப் பிடித்துவைப்பது.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியை நிரப்பி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம் போல நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

நடவு

ஒரு தொட்டிக்கு 3 துண்டு. ஒரு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்திவிடுங்கள். நட்ட அன்று தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் ஒரு டம்ளர், பிறகு வாரம் இருமுறை அதே அளவு. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் மேல்கணுவில் பச்சை மொட்டு தெரியும். அதுவரை பிடுங்கிப் பார்க்கத் தோன்றும். பிடுங்காதீர்கள், புதுவேர் நூல்போல இருக்கும், அறுந்துவிடும். தண்டு சற்றுச் சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மெத்தென்று ஆனால் போய்விட்டது. அப்போதும் மேல்கணு பச்சையாக இருந்தால், அழுகலுக்கு மேலே வெட்டி, காயவைத்து, வேறு மண்ணில் மறுபடி நடலாம்.

வெயில், தண்ணீர், பந்தல்

தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நாளுக்கு 5 மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் வளர்ந்தால் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து நார்தான் மிஞ்சும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது, செடியைச் சுடுவது மேல் வெயிலைவிடக் கீழே உள்ள தளம்தான். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கிவையுங்கள். தண்டு மஞ்சளாகவோ செந்நிறமாகவோ மாறினால் நண்பகலில் மட்டும் நிழல்வலை போதும். கோடையில் இலை உதிர்வது இயல்பு. அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டுவதுதான் தவறு.

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் வாரம் இருமுறை வரும், மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். மாதம் ஒருமுறை மழைநீரோ காவிரிக் குடிநீரோ நிறைய ஊற்றி உப்பை அடியோடு வடியவிடுங்கள்.

பற்றுக்கம்பி மெல்லியது, தடித்த கம்பத்தைப் பிடிக்காது. இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே நைலான் கயிற்றை அரை அடிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். ஐந்தடி உயரம் போதும். அதற்குமேல் போனால் பறிக்க ஏணி தேடவேண்டிவரும். இரும்புக் கிராதியில் விட்டால் தளிர் வெயிலில் கருகும்.

எரு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை. யூரியா வேண்டாம்.

பூச்சி அதிகம் வராது. எறும்பு ஏறினால் கணுவைப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி இருக்கும். ஒரு லிட்டர் நீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்தே பறியுங்கள். இலையைத் தின்னும், வாலில் கொம்புள்ள தடித்த புழுவைக் கையால் எடுத்துப்போட்டால் போதும்.

பறிப்பது

நட்ட ஐந்தாறு மாதம் வரை கைவைக்காதீர்கள். பிறகு நுனியிலிருந்து 2 அல்லது 3 கணு. ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும், நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் அது முற்றல். ஒவ்வொரு கொடியிலும் அடியில் 4 கணுவாவது விடுங்கள்; அங்கிருந்து இரண்டு கிளையாகப் பிரியும், அடுத்த முறை விளைச்சல் இரட்டிப்பாகும். மொச்சை அளவில் வரும் சிவப்புப் பழத்தைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் காந்தும்.

அரிப்பை அடக்கிச் சமைப்பது

தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. கையில் குத்துவதும் தொண்டையில் காந்துவதும் அதுதான். சூடு அதை முழுக்க அழிக்காது. அதனால் இளந்தண்டு, நல்லெண்ணெயில் முழு வதக்கல், புளி ஆகிய மூன்றும் சேர வேண்டும்.

கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு தொடங்குங்கள். கணுவை நறுக்கி எறிந்துவிட்டு, நாலு ஓர விளிம்பிலும் நாரை உரித்து, அரை அங்குலத் துண்டுகளாக்குங்கள்.

ஒரு கப் துண்டுக்கு: உளுந்து 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, பூண்டு 4 பல், நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி.

ஒரு கரண்டி எண்ணெயில் உளுந்தைப் பொன்னிறமாக வறுத்து, மிளகாய், பூண்டு, பெருங்காயம் சேர்த்துப் புரட்டி எடுத்துவையுங்கள். மீதி எண்ணெயில் பிரண்டையைச் சிறுதீயில் 10 நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்புக்குப் போய், துண்டுகள் சுருங்க வேண்டும். பச்சை நிறம் அழகாக இருக்கிறதே என்று இறக்கினால் சாப்பிடுகிறவர்கள் திட்டுவார்கள். கடைசி நிமிடத்தில் புளியையும் தேங்காயையும் போட்டுப் புரட்டி ஆறவிடுங்கள். மிக்சியில் உளுந்தை முதலில் கொரகொரப்பாக ஓட்டி, பிறகு மற்றதை உப்போடு சேர்த்து, மிகக் குறைந்த தண்ணீரில் அரையுங்கள். சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து தின்ன இதைப்போல வேறில்லை.

லேசாகக் காந்தினால் இன்னும் கொஞ்சம் புளி சேர்த்து, எண்ணெயில் மறுபடி ஐந்து நிமிடம் சுருட்டுங்கள். அப்படியும் காந்தினால் தண்டு முற்றல், கொட்டிவிடுங்கள்.

மருந்தாக எவ்வளவு?

பசியின்மைக்கும் செரிமானக் கோளாறுக்கும் மூலத்துக்கும் நம் பக்கத்தில் காலங்காலமாகத் தருகிறார்கள். வாரம் இருமுறை, ஆளுக்கு ஒன்றிரண்டு கரண்டித் துவையல் உணவளவுதான், அதில் பயமில்லை. பச்சைச் சாறு குடிப்பது வேறு சங்கதி. தொண்டை வீங்கக்கூடும், வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் காரணமாகத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதீர்கள். ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருப்பதால், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பொடியாகவோ மாத்திரையாகவோ தினமும் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எலும்பு ஒட்டும் என்ற பெயர் இதற்கு உண்டு, சிறு அளவிலான ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் எலும்பு முறிந்தால் முதல் வேலை எக்ஸ்ரே. புத்தூர் கட்டுக்குப் பேருந்து ஏறுகிறவர்களும் படம் எடுத்துக்கொண்டே போங்கள். விலகிய எலும்பை எந்தக் கொடியும் நேராக்காது.

ஒரே நேரத்தில் நிறைய வெட்டினால், நார் எடுத்த துண்டுகளை உப்புப் போட்ட புளித்த மோரில் ஒரு இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போடுங்கள். இப்படி 3 நாள். பிறகு சலசலவென்று காய்ந்து ஒடியும்வரை வெயில். கண்ணாடிக் குப்பியில் இட்டுவைத்து, வேண்டும்போது எண்ணெயில் பொரித்துக்கொள்ளலாம். வளைகிற பதத்தில் மூடினால் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும்.